தையல் இயந்திரத்தில் எந்த வசதி முக்கியம்?

தையல் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? பல வகைப் பூத்தையல்களைக் கடைக்காரர் போட்டுக் காட்டுவார். மயங்கிவிடாதீர்கள்! அவற்றுள் பெரும்பாலானவற்றை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

முதலில் இழுவிசைத் திருகைப் பாருங்கள். ஊசி நூலும் அடியிலுள்ள பாபின் நூலும் துணியின் கனத்துக்குள்ளேயே பின்னிக்கொள்ள வேண்டும். மேல்நூல் தளர்ந்தால் பின்னல் அடிப்பக்கம் தெரியும். இறுகினால் மேற்பக்கம் தெரியும். மெல்லிய மல் துணிக்கும் தடித்த காடாவுக்கும் ஒரே இறுக்கம் ஒத்துவராது. ஆகவே, திருகில் எண்கள் பொறித்திருப்பது பெரிய வசதி. ஒத்துவந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அழுத்து பாதத்தைத் தூக்கினால் இழுவிசைத் தட்டுகள் விலகும். அப்போதுதான் மேல்நூலைக் கோர்க்க வேண்டும். பாதம் தாழ்ந்திருக்கையில் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கிடையே சரியாக இறங்காது. துணியின் அடியில் கற்றையாகச் சிக்கும். இதை அறியாமல் நல்ல இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன்!

அடுத்தது, பின்னோக்கித் தைக்கும் நெம்புகோல். தொடக்கத்திலும் முடிவிலும் நாலு தையல் பின்னோக்கிப் போட்டால் நுனி பிரியாது. பாபின் மூடி ஒளி ஊடுருவுவதாயிருந்தால் நூல் தீர்வது முன்கூட்டியே தெரியும்.

கடைக்குப் போகையில் மல், காடா இரண்டிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துச் செல்லுங்கள். மேலே சிவப்பு, அடியில் வெள்ளை நூலிட்டுத் தைத்துப் பாருங்கள். வெள்ளை மேலே எட்டிப் பார்த்தால் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். அது மறைகிறதா என்று கவனியுங்கள்.