185 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர். 2025 மார்ச் 30-இல் இண்டிகோ தொடங்கிய சேவையின் அட்டவணையில் இதற்கான நேரம் ஏறக்குறைய ஒரு மணி. இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 ரக விமானம் நடுவானில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகத்தில் 185 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதும். விடுமுறைக்கு முன் டிக்கெட் எடுக்க நினைக்கும் காரைக்கால் பகுதி வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, மீதி நேரம் எங்கே போகிறது என்பதே.

அட்டவணை சொல்வது பறக்கும் நேரத்தை அல்ல. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் உள்ள கட்டையை எடுப்பது முதல், சேரும் இடத்தில் மீண்டும் கட்டை வைப்பது வரையிலான மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். குறுந்தூரத்தில் ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்துக்கு இடமே குறைவு. சென்னை–பலாலி தூரம் 355 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரு மடங்கு. நேரம் இரு மடங்காவதில்லை.

இதுவரை நியாயம். கவலை தருவது, இவற்றுக்கு மேல் விமான நிறுவனமே சேர்த்துக்கொள்ளும் உபரி நிமிடங்கள். குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் தாமதமில்லை என்பது விமானத் துறையின் உலக வழக்கம். அந்த நேரத்தைக் குறிப்பதோ நிறுவனம். 45 நிமிடத்தில் முடியும் பயணத்துக்கு 60 நிமிடம் என்று எழுதிவிட்டால், 25 நிமிடம் பிந்திக் கிளம்பிய விமானம்கூட நேரத்துக்கு வந்ததாகவே கணக்கில் ஏறும். எதிர்காற்றுக்கும் நெரிசலுக்கும் ஓரளவு உபரி தேவைதான். ஆனால் அதில் எவ்வளவு தேவை, எவ்வளவு ஒப்பனை என்று பயணிக்கு யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. நேரந்தவறாமை பற்றிய சதவீதங்களை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

அரசின் கணக்கு வேறு. 2016-இல் வந்த உடான் திட்டம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று அறிவித்தபோது, அந்த ஒரு மணி சுமார் 500 கிலோமீட்டரைக் குறித்தது. சலுகையும் ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டுமே.

காரைக்கால் பகுதியின் திருவேட்டக்குடியிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 135 கிலோமீட்டர், ஏறத்தாழ நேர் தெற்கே. விமானம் ஏறவோ மேற்கே, தஞ்சாவூர் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் திருச்சி போக வேண்டும். சோதனைகளுக்கான காத்திருப்பையும் சேர்த்தால், வானில் மிச்சமாகும் நேரம் தரையில் கரைந்துவிடுகிறது. பக்கத்திலேயே நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் உண்டு: சுமார் 110 கிலோமீட்டர், ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி இடையில் நின்ற அந்தச் சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் தேதி குறிக்க முடியாது.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா? வேண்டாம், 2006 முதல் இலங்கையிலும் இந்திய நேரமே.

பாஸ்போர்ட்? விமானம், கப்பல் இரண்டுக்கும் கட்டாயம்.

புதுச்சேரி விமான நிலையம்? திருவேட்டக்குடியிலிருந்து நேர்கோட்டில் 110 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் தொடங்கிய இண்டிகோ சேவை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான், பலாலிக்கு அல்ல.