11-ம் எண் கூண்டு: பாம்பன் தீவிலிருந்து பூந்தமல்லி வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். நடுவுல வந்த இருமல், ஆட்டோ ஹாரன், "அது வந்து" எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடி.)

ஆவடியிலேருந்து ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "ஒவ்வொரு நவம்பரும் நியூஸ்ல 'பாம்பன் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்'னு வருது. சின்ன வயசுலேருந்து கேக்குறேன். அந்தக் கூண்டுக்குள்ள என்னதான் இருக்கு?"

உள்ள ஒண்ணும் இல்லங்க. துறைமுக அலுவலகத்துல ஒரு உயரமான கம்பம் இருக்கும். பகல்ல அதுல கூம்பு, உருளை வடிவத்துல பெரிய கூடுகளை ஏத்துவாங்க. எது மேல, எது கீழ, கூம்போட முனை எந்தப் பக்கம் பாக்குதுங்கிறதுதான் செய்தி. ராத்திரியானா சிவப்பு, வெள்ளை விளக்குகள். ரேடியோ இல்லாத காலத்துல, கடல்ல நிக்கிற கப்பல்காரர் தொலைநோக்கியில பாத்தே புரிஞ்சுக்கணும்னு செஞ்ச ஏற்பாடு.

இதுக்கு 160 வருஷத்துக் கதை இருக்கு. 1864 அக்டோபர்ல கல்கத்தாவை ஒரு புயல் துவம்சம் பண்ணிச்சு. அடுத்த வருஷமே, 1865-ல, அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஆரம்பிச்சுட்டாங்க. இந்திய வானிலைத் துறையே 1875-லதான் வருது. அதாவது துறைக்கு முன்னாடி கூண்டு வந்துடுச்சு!

மொத்தம் 11 எண். 1-ம் 2-ம் தூர எச்சரிக்கை. எங்கேயோ நடுக்கடல்ல ஏதோ உருவாகியிருக்கு, உனக்கு இப்போதைக்கு ஆபத்து இல்ல, ஆனா துறைமுகத்தை விட்டுக் கிளம்பினா யோசிச்சுக் கிளம்பு. 3-ம் 4-ம் உள்ளூர் எச்சரிக்கை. 3-னா பலமான தரைக்காற்று, மழை உன் துறைமுகத்துக்கே வரலாம். 4-னா புயல் பின்னாடி இங்க வரலாம். 5, 6, 7 ஆபத்து. 8, 9, 10 பெரிய ஆபத்து, அதாவது தீவிரப் புயல்.

இங்க ஒரு விஷயம் எனக்கே லேட்டாதான் புரிஞ்சுது. 5, 6, 7 ஒண்ணை விட ஒண்ணு மோசம்னுதான் நாம நினைப்போம், கார ரேட்டிங் மாதிரி. அப்படி இல்ல. 5-னா புயல் போற பாதைக்கு இடது பக்கம் உன் துறைமுகம் இருக்கு. 6-னா வலது பக்கம். 7-னா புயல் உன் தலைமேலயே, இல்ல ரொம்பப் பக்கத்துல கடக்கும். 8, 9, 10-க்கும் அதே வரிசை: இடது, வலது, நேரா.

இடது வலது ஏன் முக்கியம்? நம்ம பக்கத்துல புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தும். வங்கக்கடல்லேருந்து மேற்கு நோக்கி வர்ற புயல்னு வெச்சுக்கோங்க. அதுக்கு வலது பக்கம் வடக்கு. அந்தப் பக்கம் காத்து கடல்லேருந்து கரைக்கு அடிக்கும், தண்ணியை ஊருக்குள்ள தள்ளும். தெற்குப் பக்கம் காத்து கரையிலேருந்து கடலுக்கு அடிக்கும், சில இடத்துல கடல் உள்வாங்கக்கூடச் செய்யும். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்ததே, அதுக்கு சென்னை வலது பக்கம், கடலூர் இடது பக்கம். ஒரே புயல், ரெண்டு ஊருக்கும் வேற வேற கூண்டு. ஒரு ஒற்றை எண்ணுக்குள்ள எவ்வளவு தகவலைச் சுருக்கி வெச்சிருக்காங்க பாருங்க. இப்ப நம்ம போன்ல வர்ற "பலத்த மழைக்கு வாய்ப்பு" மெசேஜ்ல இந்த அளவு தகவல் இருக்கானு எனக்குச் சந்தேகம்தான்.

சரி, 11-க்கு வருவோம். இந்த எபிசோடே அதுக்காகத்தான்.

11-ம் எண்ணுக்கு அர்த்தம் புயல் இல்ல. "வானிலை எச்சரிக்கை மையத்தோட தகவல் தொடர்பு அறுந்துபோச்சு." அவ்வளவுதான். ஆனா அதுவே ஒரு எச்சரிக்கை, அதுவும் 10-க்கு அப்புறம் வர்ற எண்.

நான் வேலை பாக்குற துறையில இதை ஹார்ட்பீட்னு சொல்லுவோம். ஒவ்வொரு சர்வரும் "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு குறிப்பிட்ட இடைவெளியில ஒரு சின்ன சிக்னல் அனுப்பிட்டே இருக்கணும். பிரச்சினைனு அது சொல்ற வரைக்கும் நாம காத்திருந்தா வேலைக்கு ஆகாது, ஏன்னா செத்துப்போன சர்வர் "நான் செத்துட்டேன்"னு மெசேஜ் போடாது. சிக்னல் வரலைனாலே அலாரம் அடிக்கணும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துத் துறைமுக ஆளுங்க இதே யோசனையை ஒரு கம்பத்துல தொங்கவிட்டிருக்காங்க.

இப்போ அந்தத் தீவுக்குப் போவோம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கிழக்குக் கோடியில தனுஷ்கோடி. வடக்க பாக் நீரிணை, தெற்க மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் நகரத்துல மட்டும் 2011 கணக்கெடுப்புல சுமார் 45 ஆயிரம் பேர், அதுபோக யாத்திரை வர்ற கூட்டம். 1914-ல ரயில் பாலம் வந்துச்சு. ரோடு பாலம் 1988-லதான். நடுவுல 74 வருஷம், அந்தத் தீவுக்கு ரயிலை விட்டா படகு.

1964 டிசம்பர் 22 ராத்திரி. இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்குது. பாம்பன்லேருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பின 653-ம் எண் பயணிகள் ரயில், கிட்டத்தட்ட ஊர் வாசல்ல வந்து நிக்குது. சிக்னல் விழல. கம்பி அறுந்து, தகவல் தொடர்பே போயிடுச்சு. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்துட்டு, விசில் ஊதிட்டு மெதுவா எடுத்தார்னு சொல்றாங்க. அலை வந்து மொத்த ரயிலையும் அடிச்சுட்டுப் போச்சு. ரயில்ல இருந்த 100-க்கும் மேற்பட்டவங்கள்ல ஒருத்தரும் பிழைக்கல. புயல்ல இறந்தவங்க மொத்தம் 1,800 பேர் வரைக்கும் இருக்கும்னு மதிப்பீடு. பாலத்தோட பெரும்பாலான கண்கள் போயிடுச்சு, அப்போ இளம் இன்ஜினியரா இருந்த ஸ்ரீதரன், அதான் பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டினாரே அவர்தான், 46 நாள்ல சரிசெஞ்சார். ஊரைச் சரிசெய்ய முடியல. தனுஷ்கோடி மனுஷங்க வசிக்கத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கம் அறிவிச்சுது.

இதை எல்லாரும் இயற்கைச் சீற்றம்னு சொல்லி முடிச்சுடுவாங்க. சீற்றம்தான். ஆனா எனக்கு அந்தச் சிக்னல் விழாத நிமிஷங்கள்ல மனசு மாட்டிக்கிச்சு. டிரைவரைக் குறை சொல்லல, அந்த இருட்டுல, அந்த மழையில யாரா இருந்தாலும் என்ன பண்ணியிருப்போம்? கேள்வி வேற. சிக்னல் வரலைனா என்ன அர்த்தம்னு முன்கூட்டியே யாராவது முடிவு பண்ணி வெச்சிருந்தாங்களா? இல்லாதப்போ மனுஷ மூளை தானாவே நிரப்பிக்கும்: "ஏதோ ரிப்பேர் போல, போய்ப் பாப்போம்."

அதுக்கு இப்ப பாம்பன் பாலத்துல பதில் இருக்கு. காற்றோட வேகத்தை அளக்குற கருவி வெச்சிருக்காங்க. 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயில் பாலத்துல ஏறாது. யாரும் யோசிக்க வேண்டியதில்ல, யாரும் தைரியம் காட்ட வேண்டியதில்ல. அவசரகாலத் திட்டம்னா எனக்கு இதுதான்: பயத்துல இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவை, பயமில்லாத ஒரு மத்தியானத்துல உக்காந்து எடுத்து வெக்கிறது.

தகவல் கடைசி ஆள் வரைக்கும் போகணும்ங்கிறது அடுத்த பிரச்சினை. 2017 ஒக்கியை ஞாபகம் இருக்கா? எச்சரிக்கை வந்தப்போ கன்னியாகுமரி மீனவர்கள் நிறைய பேர் ஏற்கெனவே ஆழ்கடல்ல இருந்தாங்க. அவங்க கண்ணுக்கு எந்தக் கம்பமும் தெரியாது, போன்ல டவரும் எட்டாது. அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். 2004 சுனாமி, புதுச்சேரி பக்கம் நல்லவாடு கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டிருந்தார். அங்க நியூஸ் பாத்துட்டு வீட்டுக்குப் போன் அடிக்கிறார். ஊர்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்ச தகவல் மையம் ஒண்ணு, அதுல ஒலிபெருக்கி. மத்த நாள்ல மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்றதுக்கு வெச்சது. பூட்டின கதவை உடைச்சு, அந்த மைக்ல அறிவிச்சு, ஊரையே காலி பண்ணாங்க. ஊர் பிழைச்சுது. தினமும் ஓடின மைக்குங்கிறதாலதான் அன்னைக்கும் ஓடிச்சு, சத்தம் கேட்டதும் ஜனங்களும் நம்பினாங்க. பேரிடர்க்குன்னே தனியா வாங்கி பீரோவுல பூட்டி வெச்ச கருவியா இருந்தா, பேட்டரி இருந்திருக்குமாங்கிறதே சந்தேகம்.

சரி, நம்ம ஏரியா. தீவு கதையை அம்பத்தூர்ல உக்காந்து ஏன் பேசுறேன்?

2015 டிசம்பர் 1. நான் அப்போ காலேஜ் பையன். முகலிவாக்கத்துல இருக்கிற சித்தப்பா சாயங்காலம் போன் பண்றார். "டேய், டிவியில செம்பரம்பாக்கத்துல இத்தனை ஆயிரம் கன அடி திறக்குறாங்கனு ஓடுதுடா. நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, அது நம்ம தெருவுல எவ்வளவு வரும்?" எனக்குப் பதில் தெரியல. "அதெல்லாம் ஆத்துல போயிடும் சித்தப்பா"னு சொன்னேன். இப்பவும் அந்த வாக்கியம் காதுல ஓடும்.

கணக்கு இப்போ போடலாம். ஒரு கன அடி 28.3 லிட்டர். அன்னைக்கு உச்சத்துல திறந்ததா அரசு சொன்ன அளவு நொடிக்கு 29,000 கன அடி, அதாவது சுமார் 8.2 லட்சம் லிட்டர். நம்ம தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி இருக்கே, அந்த மாதிரி 68 லாரியை ஒவ்வொரு நொடியும் அடையாத்துல கவுக்குறதுக்குச் சமம். இதை அப்படியே டிவியில சொல்லியிருந்தா சித்தப்பா எனக்குப் போனே பண்ணியிருக்க மாட்டார், மூட்டையைக் கட்டியிருப்பார். "கன அடி" அணையில இருக்கிற இன்ஜினியருக்கான மொழி. அதை "உங்க தெருவுல, இத்தனை மணிக்கு, இடுப்பளவு"னு மாத்திச் சொல்ல நடுவுல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் அன்னைக்கு இல்ல. 2018-ல வெளிவந்த சி.ஏ.ஜி அறிக்கை அதை மனிதரால் வந்த பேரிடர்னே எழுதிச்சு.

ராத்திரி அவர் போன் போகல. மறுநாளும் போகல. கரண்ட் இல்ல, சார்ஜ் போயிருக்கும்னு எங்க வீட்ல எல்லாருமே சொல்லிக்கிட்டோம். ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, குடும்பத்தோட மொட்டை மாடியில இருந்திருக்காங்க, கீழ் வீட்டுப் பாட்டியையும் தூக்கிட்டுப் போய். நல்லா இருந்தாங்க, அது வேற விஷயம். நாங்க அந்த ரெண்டு நாள் 11-ம் எண் கூண்டைப் பாத்துட்டு "சார்ஜ் போயிருக்கும்"னு படிச்சிருக்கோம்.

இன்னொரு சிக்கல் எல்லை. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோட 7-வது மண்டலம், 2018-லேருந்து சென்னை மாவட்டம். பக்கத்துல ஆவடி தனி மாநகராட்சி, திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லியும் திருவள்ளூர்தான். ஆனா பூந்தமல்லிக்குப் பக்கத்துல இருக்கிற செம்பரம்பாக்கம் ஏரி காஞ்சிபுரம் மாவட்டம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி திட்டம் மாவட்டத்துக்கு ஒண்ணு, தலைமை கலெக்டர், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒரு தீவுக்கு இது சரியாப் பொருந்தும், சுத்தியும் கடல், எல்லை தெளிவு. நமக்கு ஒரு ஏரி ஒரு கலெக்டர்கிட்ட, அதோட தண்ணி போற வழி இன்னொருத்தர்கிட்ட. ஏரிக்கு இதெல்லாம் தெரியாது.

உங்க மாவட்டத்தோட பேரிடர் மேலாண்மைத் திட்டம் பெரும்பாலும் மாவட்ட இணையதளத்துல பி.டி.எஃப்-ஆ இருக்கும். நூத்துக்கணக்குல பக்கம், எல்லாத்தையும் படிக்காதீங்க, தூக்கம் வரும். உங்க ஊர் பேரைத் தேடுங்க. தாழ்வான பகுதிகள் பட்டியல்ல உங்க தெரு இருக்கா, நிவாரண முகாம் எந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடமே போன மழையில மூழ்கினதா. கடைசிக் கேள்விக்கு பதில் உங்க தெருக்காரங்களுக்குத்தான் தெரியும். அங்க எழுதியிருக்கிற போன் நம்பருக்கு வெயில் காலத்துலயே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. வார்டு கவுன்சிலர்கிட்ட கேக்க வேண்டியதும் இதுதான்: கரண்டும் டவரும் போனா எங்களுக்கு யார், எதை வெச்சுச் சொல்லுவாங்க? கோயில் மைக்கா, மசூதி மைக்கா, குப்பை வண்டி ஸ்பீக்கரா? அந்த வண்டிதான் தினமும் தெருவுக்கு வருது, அதோட சத்தம் எல்லாருக்கும் தெரியும். என் ஓட்டு அதுக்கு.

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல இப்ப ஒரு வழக்கம் இருக்கு. ரெட் அலர்ட் வந்தா ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீடும் ஒரு மெசேஜ் போடணும், வெறும் புள்ளி போதும். ரெண்டு தடவை வரலைனா, பக்கத்துல இருக்கிறவர் நேர்ல போய்ப் பாக்கணும், போக முடியலைனா 1077-க்கு அடிக்கணும். யார் யார் வீட்டுக்கு யார்ங்கிறதும் எழுதி வெச்சாச்சு. ரூல் போட்டது நான்தான், ஆனா 2023 மிக்ஜாம் அன்னைக்கு முதல்ல புள்ளி போட மறந்ததும் நான்தான். சித்தப்பா உடனே குரூப்ல கேட்டார்: "ஆவடிக்கு 11 ஏத்தட்டுமாடா?"