பழுதைக் கண்டுபிடிப்பவருக்கு என்ன கூலி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பது வீண் செலவா, முதலீடா என்று வியாபார நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. பதுளையில் உதிரிப்பாகக் கடை நடத்துபவன் என்ற முறையிலும், 1956ஆம் ஆண்டு எம்.ஜீ.ஏ. கார் ஒன்றின் சொந்தக்காரன் என்ற முறையிலும் எனது பதில் ஒன்றுதான். நீங்கள் பழுதை எவ்வாறு தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. தேடத் தெரிந்தவருக்கு அது பெறுமதி குறையாத சொத்து. ஊகத்தில் பாகம் மாற்றுபவருக்கு அது அடியில் ஓட்டை விழுந்த உண்டியல்.

இந்தப் பாடத்தை நான் இலவசமாகப் படிக்கவில்லை. கைக்காசு கொடுத்தே படித்தேன்.

துரைமாரின் கார்

எம்.ஜீ. என்பது 'மொரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் பிறந்த பெயர் அது. எம்.ஜீ.ஏ. மாதிரி அபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை தயாரிக்கப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே, முக்கியமாக அமெரிக்காவுக்கே, ஏற்றுமதியானது.

எமது மலைநாட்டில் இத்தகைய கார்களை விரும்பியவர்கள் தோட்டத்துரைமார். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு ஆரம்பமான மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி அந்தக் காலத்து மோட்டார் மோகத்துக்கு நல்ல சாட்சி. 1975ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது, எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் ஊர் திரும்பினர். கார்கள் இங்கேயே தங்கிவிட்டன. சில கைமாறின. சில பங்களாக் கொட்டில்களில் கோழி அடையும் இடமாகின.

எனது கார் இரண்டாவது வகை. எனது வாப்பா தோட்டங்களுக்குப் பாகம் விநியோகித்த காலத்தில், அதே காருக்குப் பிளக் விற்றதாகச் சொல்வார். அந்தக் கதைக்காகவே அதை வாங்கினேன் என்றால் பிழையில்லை.

இருபது நிமிட நோய்

திருத்தி முடித்து வீதியில் இறக்கியதும் ஒரு நோய் தொடங்கியது. பதுளையிலிருந்து ஹாலி-எல தாண்டி தெமோதரை ஏற்றத்தில் ஏறும்போது, சரியாக இருபது நிமிடத்தில் இயந்திரம் திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரத்தில் நிறுத்தினால், ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஸ்டார்ட் ஆகும். பின்னால் வரும் லொறிகளின் ஹோர்ன் சத்தமும், சாரதிகளின் வாழ்த்துகளும் இன்றும் காதில் இருக்கின்றன.

கொழும்பில் ஒரு கராஜுக்கு லொறியில் ஏற்றி அனுப்பினேன். முதலில் கொயில் மாற்றினார்கள். பிறகு பெற்றோல் பம்ப். அதன் பின் இரண்டு காபரேட்டர்களுக்கும் இங்கிலாந்திலிருந்து புதிய உள்பாகங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் "இனிப் பிரச்சினை வராது" என்றார்கள். ஒவ்வொரு முறையும் தெமோதரையில் கார் நின்றது. மூன்று பட்டியல்களின் கூட்டுத்தொகையைப் பார்த்த இரவு, காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். வந்த விலைக்குத் தள்ளிவிட ஒருவரிடம் பேசியும்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, எங்கள் கடைக்கு வழமையாக வரும் ஒரு பாஸ் வந்தார். எழுபது வயது தாண்டியவர். தோட்டத்து ஸ்டோரில் இயந்திரம் துடைக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் படித்தவர். விடயத்தைச் சொன்னேன். காரைத் தொடாமல் கேள்வி மட்டும் கேட்டார்.

"மொதலாளி, நிக்கிறப்ப படக்குனு நிக்குதா, இருமி இருமி நிக்குதா?"

"இருமித்தான் நிற்குது அண்ணே."

"அப்ப கரன்ட் இல்ல, பெற்றோல். நின்னதும் பின்னால பம்ப் சத்தம் கேக்குதா?"

நான் ஒருநாளும் கவனித்ததில்லை. இருவரும் காரில் ஏறிப் போனோம். தெமோதரையில் வழக்கம்போல் நின்றது. திறப்பைத் திருப்பி வைத்துக் கேட்டோம். பம்பில் சத்தமே இல்லை. பாஸ் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம். அடுத்த விநாடி பம்ப் 'டக் டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியது. கார் ஸ்டார்ட் ஆனது.

விளக்கம் எளிமையானது. தாங்கியிலிருந்து பெற்றோல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கு மூடியில் சிறு துளை இருக்கும். எனது காரின் மூடியில் துளை இல்லை. உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுக்க முடியாமல் நின்றிருக்கிறது. அரை மணி நேரத்தில் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போனதும் மீண்டும் ஓடியிருக்கிறது.

அந்தப் பளபளப்பான மூடியை அழகுக்காக மாட்டியவர் யார்? நான்தான். எனது கடை றாக்கையிலிருந்து நானே எடுத்து மாட்டியது.

ஒழுங்கான தேடல்

அன்று முதல் பாஸின் முறையை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய கார் எதற்கும் இது பொருந்தும்.

முதலாவது, பழுது எப்போது, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்தில், எப்படி வருகிறது என்று எழுதுங்கள். சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். திணறி நின்றால் பெரும்பாலும் எரிபொருள். சூடானதும் நின்று ஆறியதும் ஓடினால், கன்டென்சரையும் கொயிலையும் சந்தேகிக்கலாம். ஆனால் பெற்றோல் மூடியைப் பார்த்த பிறகு!

இரண்டாவது, காசு செலவாகாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். திறப்பைத் திருப்பியதும் பம்ப் சிறிது நேரம் அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ கசிவு, அல்லது காற்று உள்ளே போகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம் மண்ணிறம் என்றால் சுகம்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் கார் ஓடினாலும், எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.

நான்காவது, கார் பிறந்த முறையை அறிந்துகொள்ளுங்கள். எம்.ஜீ.ஏ.யில் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கும். நேர்முனைதான் உடலுடன் இணைந்திருக்கும். இன்றைய கார்களின் பழக்கத்தில் மாற்றி இணைத்தால் சேதம் வரும். சாதாரண ரேடியோவையும் தொலைபேசி சார்ஜரையும் யோசிக்காமல் பூட்டவும் கூடாது.

ஊவாவின் தனிக் கணக்கு

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். உயரம் கூடக் காற்று மெலிகிறது. கொழும்பில் சரியாக இருந்த காபரேட்டர் கலவை அப்புத்தளையில் பெற்றோல் மிகுந்ததாகிவிடும். புகை கறுக்கும், பிளக் கரிபிடிக்கும். எஸ்.யூ. காபரேட்டரின் கீழுள்ள நட்டை ஒரு பட்டை அளவு மேலே திருப்பினால் கலவை மெலியும். இரண்டு காபரேட்டரிலும் ஒரே அளவு திருப்ப வேண்டும். மேல்மூடிக்குள் இருக்கும் ஒயிலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது வற்றினால் அக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் விக்கும்.

தண்ணீரும் இங்கே விரைவில் கொதிக்கும். அப்புத்தளை உயரத்தில் சுமார் 95 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். எனவே ரேடியேட்டர் மூடியின் இறப்பர் வளையம் இறுக்கமாக இருக்க வேண்டியது முக்கியம். கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். 1956ஆம் ஆண்டு எம்.ஜீ.ஏ.யில் நான்கு சில்லுகளுக்கும் ட்ரம் பிரேக்தான். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கியோ, அப்புத்தளையிலிருந்து பெரகல தாண்டியோ இறங்கும்போது, பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு போனால் ட்ரம் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழைய திரவத்தின் கொதிநிலை வெகுவாகக் குறைந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இந்த விடயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பாகம் எங்கே?

இங்கேதான் வியாபாரக் கண் தேவை. எம்.ஜீ.ஏ.யின் 1,489 சீ.சீ. இயந்திரம் அந்தக் காருக்கே உரியதல்ல. அது 'பீ-சீரிஸ்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றிலும், இந்தியாவின் அம்பாசடரிலும் இதே குடும்ப இயந்திரமே இருந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றாலும், இந்தியச் சந்தையில் அதன் பாகங்கள் உண்டு. எல்லாம் அப்படியே பொருந்தாது. அளந்து பார்த்து வாங்கினால் பல உட்பாகங்களுக்கு இங்கிலாந்து விலை கொடுக்கத் தேவையில்லை.

எமது நாட்டவரின் கைத்திறனையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. 1977க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பாகங்களை லேத்தில் கடைந்தே வாகனங்களை ஓட்டியவர்கள் நாம். ஸ்போர்ட்ஸ் கார் அல்லாவிட்டாலும் மொரிஸ் மைனரின் உதாரணம் இங்கே பொருந்தும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் திருத்தகம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து அந்தக் காரின் பாகங்களை இங்கே தயாரித்து பிரித்தானியாவுக்கே அனுப்பினார். வெள்ளைக்காரனின் காருக்கு வெள்ளைக்காரனுக்கே பாகம் விற்ற நாடு இது!

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு ரூபாவும் முற்பணம் கொடுக்காதீர்கள். துருவைத் திருத்தலாம், தொலைந்த ஆவணத்தைத் திருத்துவது கடினம்.

அனுபவிப்பது எப்படி?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். எமது மாகாணத்திலேயே, 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப்போட்டியில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்ததை மறக்க முடியாது. ஏற்பாடு செய்த திடலிலேயே அப்படி என்றால் பொது வீதியில் சொல்லவா வேண்டும்?

இந்தக் காரின் சுகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றரிலேயே கிடைத்துவிடுகிறது. காலை வேளையில் பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்குக் கூரையைத் திறந்துவிட்டுப் போய்ப் பாருங்கள். ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை வாசமும், வளைவுக்கு வளைவு மாறும் குளிரும் மூடிய காருக்குள் வராது. ஒரு தோட்டத்தில் வயோதிபர் ஒருவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இது எங்க பெரிய துரை வச்சிருந்த கார் மாதிரியே இருக்கே" என்று கதவைத் தடவிப் பார்த்தார். அவரைப் பக்கத்தில் ஏற்றி லயம் வரை கொண்டுபோய் விட்டேன். அந்தப் பயணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்கு முன், பாஸுக்கு என்ன கூலி என்று கேட்டிருந்தேன். அவர் சிரித்தார். "மூடியத் தொறந்ததுக்கு என்ன மொதலாளி காசு? ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. கொயிலுக்கும் பம்புக்கும் காபரேட்டருக்கும் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தேன். அவற்றில் எதுவும் பழுதாகியிருக்கவில்லை. உண்மையான பழுதைக் கண்டவருக்கு ஒரு தேநீர்! எமது ஊரில் பாகத்துக்கு விலை உண்டு, உழைப்புக்கும் கூலி உண்டு, அறிவுக்கு மட்டும் கூலி இல்லை. அதனால்தான் பாஸின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. கட்டாரில் சாரதியாக இருக்கிறார். பாஸுக்குப் பின் அந்தக் காது யாருக்கும் இருக்கப்போவதில்லை.

பம்பின் விலை எவ்வளவோ அதை அவர் கையில் வைத்தேன். வாங்க மறுத்தார். "இது மூடியைத் திறந்ததற்கு அல்ல அண்ணே, எந்த மூடி என்று தெரிந்ததற்கு" என்றேன். வாங்கிக்கொண்டார். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் கடைப் பையன்கள் இருவர் அவரிடம் பழுது பார்க்கப் பழகுகிறார்கள். அவருக்கான கொடுப்பனவு கடைக் கணக்கில், கொள்முதல் பக்கத்திலேயே எழுதப்படுகிறது.