தந்தை பெயர் எழுதிய ஏடு

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் வந்து, தம் பாட்டனாரின் பாட்டனார் சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர் என்று கூறி, சொந்த ஊரைத் தேடித் தருமாறு உங்களைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? சொத்தில் பங்கு கேட்க வந்தவரோ என்று அஞ்சிக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். இடையில் 1876-78இன் தாது வருஷப் பஞ்சம் நம் சமவெளியைச் சூறையாடியது. சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் ஏறத்தாழ 20 இலட்சம். 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமே! மாண்டவர் போக, பிழைப்புத் தேடி ஊரை விட்டு அகன்றோரும் பலர்.

நேட்டாலுக்குச் சென்றோரைப் பற்றிய கப்பல் ஏடுகள் டர்பனில் இன்றும் உள்ளன. ஆளுக்கு ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம். அன்பினால் எழுதியதன்று, ஆளை அடையாளம் காண எழுதியது. ஆயினும் தந்தையின் பெயர் அழியாமல் நின்றுவிட்டது. மொரீஷியஸ் சென்றோரின் ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர்க்கோ இத்தகைய விரிவான ஏடு வாய்க்கவில்லை.

ஏட்டை நம்பலாம், எழுத்தை அப்படியே நம்புதல் கூடாது. எழுத்தரின் காதில் விழுந்தவாறே ஊரும் பேரும் ஆங்கிலத்தில் பதிந்தன. நம் ழகரம் அவருக்கு எங்ஙனம் பிடிபடும்? ஆகவே வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். சேலம் என்று எழுதியிருப்பது இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுள் ஒன்றாகவும் இருக்கலாம். நாமக்கல் தனி மாவட்டமானதே 1997இல்தானே!

உறவைப் பேணும் அளவுக்கேனும் வமிசாவளியை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதீ பதிவு செய்கிறது. குலப்பெருமை பேசுவதற்கன்று, உறவு அறுந்துவிடாதிருப்பதற்கு.

கடலுக்கு அப்பாலுள்ள ஏடு பிழைத்தது, நம்முடையது? இராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், இவ்வாறு தேடி வந்த ஒருவருக்காகப் பழைய நிகாஹ் தஃப்தரைக் கேட்டேன். சென்றவரின் உடன்பிறந்தார் வழியில் ஒரு பெயர் அகப்பட்டிருந்தாலும் போதும். பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்தபோது, கரையான் அரித்த குப்பையென்று எரித்துவிட்டார்களாம்! வந்தவர் கபரஸ்தானில் சிறிது நேரம் நின்று துஆ ஓதிவிட்டுச் சென்றார்.

உங்கள் ஊர்த் தஃப்தர் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது? இன்று ஜும்ஆவுக்குச் செல்லும்போது முத்தவல்லியிடம் கேட்டுப் பாருங்கள்.