ஊதா போகுமா, நிற்குமா?

காய்ச்சலோடு கழுத்தும் விறைத்துப்போன ஒரு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி புகுந்திருக்குமோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டுச் சில சொட்டுத் திரவம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறார். கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஒரு நாளாவது ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதே! அதனால் முதலில் ஒரு கண்ணாடி ஸ்லைடில் அந்தத் திரவத்தைத் தடவிச் சாயம் ஏற்றுகிறார்கள்.

எதற்குச் சாயம்? ஏறக்குறைய ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். போதாக்குறைக்குப் பெரும்பாலானவற்றுக்கு நிறமே கிடையாது. நுண்ணோக்கியில் வைத்தாலும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது.

டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது அது. முதலில் ஊதாச் சாயம், அடுத்து அயோடின். இரண்டும் சேர்ந்து பாக்டீரியாவுக்குள் பெரிய துகள்களாகிவிடும். பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும். சுவர் தடிமனான பாக்டீரியா ஊதாவை விடாது. அதன் பெயர் கிராம் பாசிட்டிவ். சுவர் மெல்லியதாக இருந்தால் விட்டுவிடும். அது கிராம் நெகட்டிவ். நிறம் போனதைப் பார்ப்பதற்காகக் கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம் ஊற்றும் வழக்கம் பின்னால் வந்தது. எந்த மருந்தை முதலில் கொடுக்கலாம் என்று மருத்துவர் முடிவெடுக்க இந்த நிறம் பெரிய உதவி.

சிக்கல் அந்த ஆல்கஹாலில்தான். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினால் ஊதா நீர் வழிந்தோடும். நீர் தெளியத் தொடங்கியதும் உடனே நிறுத்த வேண்டும். எல்லாம் சில நொடிகள்தான். கொஞ்சம் கூடினால் ஊதாவாக நிற்க வேண்டியதும் இளஞ்சிவப்பாகிவிடும். குறைந்தால் எல்லாமே ஊதா. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஸ்லைடு வரும் லேபில், எத்தனை கெட்டிக்காரக் கையானாலும் ஒவ்வொரு முறையும் அதே நொடியில் நிறுத்துவது கடினம்.

அதனால்தான் பெரிய லேபுகளில் சாயமேற்றும் இயந்திரம் வைக்கிறார்கள். ஒரு வகை இயந்திரத்தில், வட்டத் தட்டில் ஸ்லைடுகளைச் செருகி மூடியை மூடினால் தட்டு சுழலும். நுண்ணிய துளைகள் வழியாகச் சாயம் பீய்ச்சும், தண்ணீர் அலசும், ஆல்கஹால் குறித்த அளவு தெளிக்கும். கடைசியில் வாஷிங் மெஷின் துணியைப் பிழிவதுபோல வேகமாகச் சுற்றி ஈரத்தை உதறிவிடும். எல்லாம் சில நிமிடங்களில்! எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் புதுச்சாயம் கிடைப்பது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கினால், ஒருவரின் கிருமி மிதந்துபோய் இன்னொருவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

ஆனாலும் திரவத்தை மெல்லிசாகத் தடவுவது பெரும்பாலும் மனிதக் கைதான். தடவல் தடித்துப்போனால் இயந்திரமும் ஏமாறும். ஊதாச் சாயம் படிகமாகித் துளையை அடைத்துக்கொள்வதும் உண்டு. அதைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். அதோடு, என்ன நிறம் வரும் என்று முன்பே தெரிந்த இரண்டு பாக்டீரியாக்களைத் தடவிய ஸ்லைடை ஓட்டிப் பார்ப்பார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஊதாவாகவும் ஈ.கோலை இளஞ்சிவப்பாகவும் வந்தால்தான், நோயாளிகளின் ஸ்லைடுகள் உள்ளே போகும்.