கீழிருந்து ஏறும் அதிகாரம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைக் காண வருகிறவர்கள், மலையையே சுரண்டித் தின்பதுபோல் சுழன்றுகொண்டிருக்கும் பக்கெட் வீல் யந்திரத்தைப் பார்த்துப் பிரமித்து நிற்கிறார்களே தவிர, சுரங்கத்தைச் சுற்றிலும் இரவு பகலாக நீரிறைத்துக்கொண்டிருக்கும் பம்புகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவ்வூர் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் 1930களில் தலைகாட்டிய அந்தக் கரிய பொருளை, 1956-இல் நிறுவனம் தொடங்கி 1961-இல் வெட்டியெடுக்க முடிந்ததென்றால், அதற்கு இந்தப் பம்புகளின் உபகாரம் சாமானியமானதன்று. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலே சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணின் பாரத்தை நீக்க நீக்க, அந்த நீர் தரையில் பலவீனமான ஓரிடத்தைத் தேடிப் பீறிட்டு மேலேறப் பார்க்கும்.

கணினித் துறையிலும் இதே சுபாவமுள்ள ஓர் ஆபத்து உண்டு. கடைநிலைப் பயனாளருக்கு உரிய சொற்ப அனுமதியோடு, சில சமயம் அந்த அனுமதியும் இல்லாமலே நுழைந்தவன், மென்பொருளில் எங்கோ இருக்கும் ஒரு பிழையைப் பற்றிக்கொண்டு, அட்மின் என்று சொல்லப்படும் சர்வாதிகார ஸ்தானத்துக்கு ஏறிவிடுவதுதான் அது. சுரங்க வாசலில் பார்வையாளர் பாஸ் வாங்கி உள்ளே போன ஒருவர், பாஸ் எழுதும் புத்தகமே காவலரின்றி மேசைமேல் கிடக்கக் கண்டு, தமக்குத் தாமே தலைமைப் பொறியாளர் பாஸ் ஒன்றை எழுதிக்கொண்டால் எப்படியிருக்கும்? அதன் பிறகு எந்தக் காவலரும் அவரைத் தடுக்கமாட்டார். சலாம் வைத்து வழிவிடுவார்.

2023 அக்டோபர் 16-ஆம் தேதி சிஸ்கோ நிறுவனம் உலகுக்கு அறிவித்த குறை ஏறக்குறைய இதுதான். அதன் நெட்வொர்க் சாதனங்கள் பலவற்றை இயக்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ என்னும் மென்பொருளில் 0 முதல் 15 வரை அதிகாரப் படிகள் உண்டு. 15-ஆம் படியில் நிற்பவன் செய்ய முடியாதது அநேகமாக ஒன்றுமில்லை. அந்தச் சாதனங்களை நிர்வகிப்பதற்கென்று வைத்த இணையப் பக்கத்தின் வழியே, பாஸ்வேர்ட் எதுவும் அறியாத அந்நியன் 15-ஆம் படியில் ஒரு கணக்கைத் தானே தொடங்கிக்கொண்டான். பிறகு இரண்டாவது பிழை ஒன்றைக்கொண்டு சாதனத்தின் ஆணிவேரையே பிடித்தான். பழுதை அடைக்கும் பேட்ச் 22-ஆம் தேதிதான் வரத் தொடங்கியது. அதுவரையில் சொல்லப்பட்ட சிகிச்சை, இணையத்தை நோக்கியிருந்த அந்த நிர்வாகப் பக்கத்தை மூடிவைப்பதே.

நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருளில் இப்படிப்பட்ட குறை நேர்ந்தால் சேதம் ஒரு கணினியோடு நில்லாது; ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாவிகளையும் அந்த ஒரு வீட்டில்தானே மாட்டி வைத்திருக்கிறோம்! இத்தகைய மென்பொருளைச் செய்து உலகெங்கும் விற்றுவரும் நிறுவனங்களுள் ஒன்று, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்து, சென்னையில் வேரூன்றி, தென்காசிக் கிராமம் வரை கிளைவிட்டு இன்று ஸோஹோ என்று வழங்குவதென்பது நமக்குப் பெருமை தருவதுதான். பெருமையோடு ஜாக்கிரதையும் சேர வேண்டும் என்பதற்கு அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் ஒரு மென்பொருளுக்கு நேர்ந்ததையே பார்க்கலாம். மறந்துபோன பாஸ்வேர்டை ஊழியர் தாமே மாற்றிக்கொள்ள உதவும் அந்த மென்பொருளில், ஆளை விசாரிக்காமலே உள்ளே விடும் பிழை ஒன்று தெரியவந்தது. 2021 செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுவனம் பேட்ச் வெளியிட்டது. அம்மாதம் 16-ஆம் தேதி அமெரிக்க அரசு அமைப்புகளும் எச்சரித்தன. நவம்பர் 9-ஆம் தேதி, அந்த பேட்ச் போடப்படாதிருந்த சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்தனர். போரிலும் இயற்கைப் பேரிடரிலும் உறவினரைப் பிரிந்தோர், காணாமற்போனோர், காவலில் உள்ளோர் என 5,15,000-க்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் அவர்கள் கைக்கு எட்டின. அது வெளிப்பட்டது 2022 ஜனவரியில்.

செஞ்சிலுவைச் சங்கத்தாரை அசட்டை என்று ஏசிவிடுவது சுலபம். ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் பேட்ச்களைத் தாங்கள் போட்டுவருவதாகவும், இந்த ஒன்றை உரிய காலத்தில் போடத் தவறியதாகவும் அவர்கள் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள். பல்லாயிரத்தில் ஒன்று! எனக்கு அவர்கள்மேல் கோபத்தைவிட அநுதாபமே மிகுகிறது. அனல்மின் நிலையத்தில் வேலைபார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும்: ஓடுகிற யூனிட்டை, யாரோ ஒரு புதிய பேட்ச் அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்காக நிறுத்திவிட முடியாது, ஓவர்ஹால் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டும், பேட்ச் போட்டதனாலேயே வேறொன்று பழுதாகாதா என்று தனியே ஒரு கணினியில் சோதித்தும் பார்க்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் துணைநிற்பது, முக்கியமான கணினிகளை இணையத்தினின்று பிரித்துவைத்தல் ஒன்றே. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் தீய நிரல் ஒன்று புகுந்ததை முதலில் மறுத்து, மறுநாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டபோது, தொற்றியது இணையத்தோடு தொடர்புள்ள நிர்வாகப் பணிக் கணினி என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் அதனின்றும் தனித்திருந்தது என்றும் விளக்கம் தந்தது.

பேட்ச் போட்டாகிவிட்டது என்றவுடன் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிற காரியம் ஒன்றுண்டு. பேட்ச் வாசலைச் சாத்துமே தவிர, சாத்துவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவனை வெளியேற்றாது. அவன் எழுதிக்கொண்ட பாஸ் அவன் சட்டைப்பையில் பத்திரமாகவே இருக்கும். ஆகையால் அன்றே கணக்குகளின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, இது யாருடையது, எப்போது தொடங்கியது, யார் சொல்லித் தொடங்கியது என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.