குழாய்க்கும் எர்த் வேண்டும்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் இடுக்கி மலையிலுள்ள பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. அம்மலையின் வீடுகளில் நீரும் மின்சாரமும் மிக நெருங்கும் இடம் குளியலறை. மூணாற்றுக் குளிருக்குக் கீசர் இன்றியமையாதது. எர்த் இணைப்பு பழுதுபட்ட கீசரில் மின்கசிவு நேர்ந்தால், இரும்புக் குழாயிலும் மின்னழுத்தம் பரவும். ஈரக் கையால் அதைத் தொடுபவரின் உடலே மின்சாரத்துக்கு வழியாகிவிடும்.

இதற்குக் காப்பாக, வீட்டினுள் நுழையும் உலோகக் குழாயைக் கிளாம்பும் செம்புக் கம்பியும் கொண்டு முதன்மை எர்த் முனையுடன் பிணைக்க வேண்டும். கைக்கெட்டும் உலோகங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் அதிர்ச்சிக்கு இடம் குறையும்.

மண்ணுக்குள் செல்லும் குழாயே எர்த் ஆகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாது. பழுதுபார்க்கையில் ஒரு முழம் பி.வி.சி. குழாய் இடையில் புகுந்தாலே நிலத்தொடர்பு அறுந்துவிடும். முழுவதும் பி.வி.சி. குழாயுள்ள வீட்டிலும் கீசருக்குரிய எர்த் கம்பி கட்டாயம்.

பாலக்காட்டின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கோடையில் மண் வறண்டு எர்த் குழியின் மின்தடை உயரும். குழிக்கு நீர் ஊற்றுவது நன்று. இடுக்கியின் பாறை நிலத்தில் ஒரே கம்பி போதாமல் பலவற்றை இணைக்க நேரலாம். இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 இவற்றுக்கு வழிகாட்டுகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்போம்.

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெறும்போது, சுண்ணமும் ஓடும் இடம்பெறும் மதிப்பீட்டில் இந்தச் சிறு செலவையும் ஒரு வரியாகச் சேர்ப்போம்.